அழைப்பு வேறு, சரக்கு வேறு: தொலை அழைப்பில் படம் அனுப்புவது

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் ஓக் நிழலில் அரபிகா செடிகள். ஒரு செடியில் இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூத்திருக்கிறது. இலைத்துருவா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ள மேஸ்திரி போனில் ஒரு படம் பிடித்து அனுப்புகிறார். படம் போய்ச் சேரவேண்டிய சர்வர் மலைக்குக் கீழே சேலம் டவுனில் ஓர் அலுவலகத்தில் ஓடுகிறது. போனில் இருக்கும் நிரல் கிளையண்ட். அதை எழுதியவர் கண்ணுக்கு இது ஒரே ஒரு வரிதான்: ‘இலையைச் சோதி’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, படத்தை அதன் கையில் கொடுத்துவிடுவது.

அந்த ஒரு வரி அலுவலக வைஃபையில் நூறு தடவை ஓடும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, மர நிழலில், ஒரே ஒரு கோடு சிக்னல் உள்ள இடத்தில் பாதியில் நிற்கும். நின்றால் காரணமும் சொல்லாது. சில நேரம் படம் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும். சில நேரம் ஒரே இலை இரண்டு தடவை பதிவாகும். இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு, தனித் தீர்வும் உண்டு.

தொலை அழைப்பு, அதாவது ஆர்பிசி, பழைய யோசனை. வேறு கணினியில் இருக்கும் ஃபங்ஷனை நம் நிரலுக்குள்ளேயே இருப்பதுபோல் கூப்பிடுவது. 1984இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ பிரல், புரூஸ் நெல்சன் இருவரும் அதை எப்படிக் கட்டுவது என்று விரிவாக எழுதினார்கள். இன்றும் அடிப்படை அமைப்பு அதேதான். கிளையண்ட் பக்கம் ‘ஸ்டப்’ என்ற சிறு நிரல் உட்கார்ந்திருக்கும். நாம் கொடுக்கும் மதிப்புகளை அது பைட் வரிசையாக அடுக்கிக் கட்டும், நெட்வொர்க்கில் அனுப்பும். சர்வர் பக்கம் இன்னொன்று கட்டைப் பிரித்து, உண்மையான ஃபங்ஷனைக் கூப்பிட்டு, விடையைத் திரும்பக் கட்டி அனுப்பும். சன் ஆர்பிசி, கோர்பா, 1997இல் வந்த ஜாவா ஆர்எம்ஐ, 1998இன் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, 2015இல் கூகுள் வெளியிட்ட ஜிஆர்பிசி எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

தூரத்தைக் கண்ணிலிருந்து மறைப்பது இந்த அமைப்பின் வசதி. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. 1994இலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் உடன் எழுதிய மூவரும், பக்கத்தில் இருக்கும் பொருளையும் தொலைவில் இருக்கும் பொருளையும் ஒன்றுபோல் நடத்தக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்கள். ஜாவா ஆர்எம்ஐயில் ஒவ்வொரு தொலை மெத்தடும் ‘ரிமோட் எக்ஸெப்ஷன்’ என்ற பிழை வரலாம் என்று கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்பது அந்த எண்ணத்தோடு ஒத்துப்போகும் விதி. ஓர் எண்ணையோ பெயரையோ அனுப்பும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. படம் அனுப்பும்போது மறைத்து வைத்த தூரம் முழுதும் வெளியே வந்துவிடும்.

அளவைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் என்றால் 4000க்கு 3000 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். மொத்தம் 3,60,00,000 பைட். ஆண்ட்ராய்டில் அதே படத்தைத் திறந்து பிட்மேப் ஆக வைத்தால் புள்ளிக்கு 4 பைட், ஆக 4,80,00,000. கேமரா அதை ஜேபெக் கோப்பாகச் சுருக்கி வைக்கும்போது பெரும்பாலும் 3 முதல் 5 எம்பி. ஒரே படம், மூன்று எடை. எந்த எடையில் அனுப்புகிறோம் என்று தெரியாமலே அனுப்புவதுதான் முதல் தவறு.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸில் நடப்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை முழுதும் எளிதாகிவிடும். அங்கே சீட்டு வேறு, பண்டல் வேறு. சீட்டில் அனுப்புநர், பெறுநர், எத்தனை பண்டல், என்ன எடை, என்ன மார்க் என்று இருக்கும். அது சின்னது, சட்டென்று கை மாறும். பண்டல் பெரியது, மெதுவாகப் போகும், வழியில் ஒன்று குறையலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் சீட்டை வைத்துப் பண்டலை எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். தொலை அழைப்பு சீட்டு மாதிரி. படத்தின் பைட்டுகள் பண்டல் மாதிரி. இரண்டையும் ஒரே உறையில் திணிப்பதால்தான் பெரும்பாலான சிக்கல் வருகிறது.

படப் பொருளை அனுப்பவேண்டாம், கோப்பின் பைட்டை அனுப்புங்கள்

ஜாவா ஆர்எம்ஐயில் முதன்முதலாகப் படம் அனுப்புபவர் பெரும்பாலும் பஃபர்ட்இமேஜ் பொருளையே மெத்தடுக்குக் கொடுப்பார். உடனே ‘நாட் சீரியலைசபிள் எக்ஸெப்ஷன்’ வரும். அந்த வகுப்பு சீரியலைஸ் ஆகும்படி, அதாவது பைட் வரிசையாக மாறும்படி, எழுதப்படவில்லை. தேடிப் பார்த்து, இமேஜ்ஐகான் சீரியலைஸ் ஆகும் என்று கண்டுபிடித்து, அதற்குள் படத்தை வைத்து அனுப்புவார்கள். வேலை செய்யும். ஆனால் அது புள்ளிகளை ஒவ்வொன்றாக 4 பைட் எண்ணாக அடுக்கி அனுப்புகிறது. 4 எம்பி ஜேபெக், கம்பியில் 48 எம்பியாகப் போகும். அலுவலக நெட்வொர்க்கில் ‘கொஞ்சம் மெதுவாக இருக்கிறது’ என்று விட்டுவிடுவார்கள். மலையிலிருந்து அது போகவே போகாது.

சரியான வழி எளிது. மெத்தட் ஒரு பைட் அரேயைத்தான் வாங்கவேண்டும். படம் ஏற்கனவே ஜேபெக் கோப்பாக இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். கோப்பின் பைட்டுகளை அப்படியே படித்து அனுப்புங்கள். திறந்து, பிட்மேப் ஆக்கி, மறுபடி ஜேபெக் ஆக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும், நேரமும் போகும். நிரலே வரைந்த படம் என்றால் மட்டும் இமேஜ்ஐஓ வழியாக பைட்அரே அவுட்புட்ஸ்ட்ரீமில் எழுதி, அதிலிருந்து அரேயை எடுக்கவேண்டும். இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று: ஒளிபுகும் ஆல்ஃபா அடுக்கு உள்ள படத்தை ஜேபெக் ஆக எழுதச் சொன்னால் இன்றைய ஓப்பன்ஜேடிகேவில் எக்ஸெப்ஷன் வராது. எழுதும் ஃபங்ஷன் ‘ஃபால்ஸ்’ என்று திருப்பித் தரும், அரேயில் 0 பைட் இருக்கும். அந்த விடையைச் சோதிக்காத நிரல் வெறும் உறையை அனுப்பிவிட்டு ‘வெற்றி’ என்று எழுதும்.

ஆர்எம்ஐயில் இன்னொரு வழக்கமான தடை படத்தோடு தொடர்பில்லாதது, ஆனாலும் எல்லாரும் முட்டிக்கொள்வது. தொலைப் பொருள்களின் பெயர்ப் பட்டியலான ரெஜிஸ்ட்ரி 1099 போர்ட்டில் கிடைக்கிறது, பெயரைத் தேடினால் ஸ்டப்பும் வருகிறது, மெத்தடைக் கூப்பிட்டால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. சர்வர் தன் முகவரியை ஸ்டப்புக்குள் எழுதி அனுப்புகிறது. லினக்ஸில் அது பல நேரம் 127.0.1.1 என்று எழுதிவிடும். கிளையண்ட் அதை வாங்கிக்கொண்டு தன் கதவையே தட்டுகிறது. சர்வரைத் தொடங்கும்போது ‘ஜாவா ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேம்’ என்ற அமைப்பில் உண்மையான முகவரியைக் கொடுத்தால் தீர்ந்தது.

புள்ளிகளையே அனுப்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலையும் உண்டு, எடுத்துக்காட்டாகத் தரச்சோதனைக் கேமராவிலிருந்து சுருக்காத படம். அப்போது அகலம், உயரம், நிற வரிசை, ஒரு வரிக்கு எத்தனை பைட் என்ற நான்கையும் சீட்டில் எழுதுங்கள். ஓப்பன்சிவி நூலகம் நீலம்-பச்சை-சிவப்பு வரிசையில் வைக்கும். மற்றவை பெரும்பாலும் சிவப்பிலிருந்து தொடங்கும். மாற்றிப் படித்தால் நீலம் சிவப்பாகத் தெரியும். வரி நீளம் இன்னும் நுணுக்கமானது. 1001 புள்ளி அகலப் படத்தில் ஒரு வரி 3003 பைட். பிஎம்பி போன்ற வடிவங்கள் அதை நான்கின் மடங்காக்கி 3004 ஆக வைக்கும். அந்த ஒரு பைட்டைத் தாண்டத் தெரியாத நிரலில் படம் சாய்ந்த வேலிபோல் கோணலாக வரும்.

எழுத்தாக மாற்றினால் என்ன ஆகும்

தரவை எழுத்தாகவே எழுதி அனுப்பும் ஜேசன் வடிவத்தில் பைட்டுக்கு இடமில்லை. எண் உண்டு, எழுத்துத் தொடர் உண்டு, பட்டியல் உண்டு; பைட் வரிசைக்கென்று வகை இல்லை. அதனால் ஜேசன் வழி அழைப்பில் படத்தை நுழைக்க மூன்று வழியில் முயல்வார்கள்.

ஒன்று, ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக எழுதி இடையில் காற்புள்ளி வைப்பது. 0 முதல் 255 வரையுள்ள எண்களின் சராசரி நீளத்தைக் கணக்கிட்டால், காற்புள்ளி சேர்த்து பைட்டுக்கு 3.57 எழுத்து. 4 எம்பி படம் 14 எம்பிக்கு மேல் போகும். இதைச் செய்யவேண்டாம்.

இரண்டாவது, பேஸ்64. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். எக்ஸ்எம்எல்-ஆர்பிசியில் இதற்கென்றே ஒரு வகை உண்டு. சிறு படத்துக்கு, சில பத்து கேபி உள்ள சுயவிவரப் படத்துக்கு, இது தாராளமாகப் போதும். பெரிய படத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை என்பதோடு, முழுத் தொடரும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கவேண்டும் என்ற சுமையும் சேரும்.

மூன்றாவது வழி வழியே இல்லை, ஆனாலும் மிக அதிகம் நடப்பது இதுதான். பைட் அரேயை நேராக ஸ்ட்ரிங் ஆக்கி அனுப்புவது. யூடிஎஃப்-8 விதிப்படி செல்லாத பைட் ஒவ்வொன்றும் மாற்றுக்குறி ஒன்றாக ஆகிவிடும். அந்தக் குறி 239, 191, 189 என்ற மூன்று பைட். ஜேபெக் கோப்பின் முதல் பைட்டே 255. அது யூடிஎஃப்-8இல் எங்குமே செல்லாது. ஆக முதல் பைட்டிலேயே படம் செத்துவிடுகிறது. இதை மீட்க வழியே இல்லை, ஏனென்றால் 255ஆக இருந்ததும் 216ஆக இருந்ததும் இப்போது ஒரே குறியாகிவிட்டன. வந்த கோப்பு அனுப்பியதைவிடப் பெரிதாக வீங்கியிருந்து, திறக்கவும் மறுத்தால், வேறு எங்கும் தேடவேண்டாம், இதுதான்.

அதனால் படம் அனுப்பும் எவரும் முதல் சில பைட்டுகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும், 255, 217 என்று முடியும். பிஎன்ஜி 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டில் தொடங்கும். அந்த எட்டும் சும்மா வைத்தவை அல்ல. 137 என்பது ஏழு பிட் மட்டும் கடத்தும் வழியில் சிதைந்துவிடும். 13, 10 ஜோடியும் கடைசி 10உம், வழியில் யாராவது வரிமுடிவை மாற்றினால் காட்டிக்கொடுக்கும். ஜாவாவில் பைட்டுக்குக் குறை எண் உண்டு என்பதால், அச்சிட்டுப் பார்த்தால் ஜேபெக் -1, -40, -1 என்றும் பிஎன்ஜி -119, 80, 78, 71 என்றும் தெரியும். பதறவேண்டாம், அது சரியான கோப்புதான்.

4 எம்பி சுவர்

ஜிஆர்பிசி மெசேஜைக் கட்டப் பயன்படுத்தும் புரோட்டோபஃப் வடிவத்தில் பைட் வகை இருக்கிறது, பேஸ்64 தேவையில்லை. அதனால் பலரும் ஒரு மெசேஜில் ஒரு பைட் புலம் வைத்து, முழுப் படத்தையும் போட்டு அனுப்புவார்கள். அலுவலகத்தில் சோதித்த சின்னப் படம் போகும். தோட்டத்திலிருந்து வரும் முதல் உண்மையான படத்தில் ‘ரிசோர்ஸ் எக்சாஸ்டட்’, பிழை எண் 8. பெறும் பக்கம் ஒரு மெசேஜுக்கு இயல்பாக அனுமதிப்பது 41,94,304 பைட். பழக்கத்தில் பைட் புலத்துக்குப் பதிலாக ஸ்ட்ரிங் புலம் வைத்து பேஸ்64இல் அனுப்பியவருக்குச் சுவர் இன்னும் அருகில்: 31,45,728 பைட் படம் பேஸ்64இல் சரியாக 41,94,304 எழுத்தாகிறது. மெசேஜின் தலைப்புக்கு நாலைந்து பைட் சேர்ந்ததும் எல்லை தாண்டிவிடும். அதாவது 3 எம்பியிலேயே நின்றுவிடும்.

எல்லையை 64 எம்பியாக உயர்த்திவிட்டால் என்ன என்று கேட்பார்கள். பிழை மறையும், நோய் மறையாது. ஒரு மெசேஜ் முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் சர்வர் நிரலின் கைக்கு வரும். அதுவரை நினைவகத்தில் சேரும். மாலையில் வேலை முடிந்து எல்லாரும் இறங்கும்போது 40 போன்கள் ஒன்றாக அனுப்பினால், அனுமதித்த உச்சம் இரண்டரை ஜிபி. அதற்கு மேல் முன்னே நிற்கும் இடைச்சர்வரும் தன் எல்லையை வைத்திருக்கும். அப்படிப்பட்ட என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் உள்ள கோரிக்கை உடலை ஏற்காது, 413 என்று திருப்பிவிடும். ஜிஆர்பிசி சர்வரில் எல்லையை உயர்த்திவிட்டு ‘இன்னும் போகவில்லையே’ என்று தேடுபவர்கள் பார்க்கவேண்டிய இடம் அது.

துண்டு துண்டாக அனுப்புவதுதான் வழி. கிளையண்ட் ஸ்ட்ரீமிங் மெத்தட் ஒன்று வையுங்கள். மெசேஜுக்குள் ‘சீட்டு அல்லது துண்டு, இரண்டில் ஒன்று’ என்ற அமைப்பு. முதல் மெசேஜ் சீட்டு: படத்தின் அடையாள எண், மொத்த பைட், வகை, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் 32 பைட், எடுத்த நேரம், தோட்டத்தின் பகுதி. அடுத்து வருபவை துண்டுகள்: எந்த பைட்டிலிருந்து தொடங்குகிறது என்ற எண்ணும், பைட்டுகளும். துண்டு அளவு 16 முதல் 64 கேபிக்குள் இருக்கட்டும். 64 கேபி என்றால் 4 எம்பி படம் சரியாக 64 துண்டு. மிகச் சிறிதாக வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் தலைப்புச் செலவு. மிகப் பெரிதாக வெட்டினால் பழைய சிக்கலே திரும்பும்.

துண்டு வெட்டும் சுற்றில் ஒரு பிழை எல்லா மொழியிலும் திரும்பத் திரும்ப வரும். 65,536 பைட் பஃபரைக் கொடுத்துக் கோப்பைப் படிக்கச் சொல்கிறோம். படிக்கும் ஃபங்ஷன் ‘எத்தனை படித்தேன்’ என்று ஓர் எண்ணைத் தரும். அது 65,536ஆக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த எண்ணைப் பார்க்காமல் முழு பஃபரையும் அனுப்பினால், கடைசித் துண்டில் முந்தைய துண்டின் மிச்சம் ஒட்டிக்கொண்டு போகும். கோப்பு பெரும்பாலும் திறக்கும், ஹேஷ் பொருந்தாது. எதிர்த்தவறு, ஒரே தடவை படித்ததும் கோப்பு முடிந்தது என்று நினைப்பது. அப்போது மேல்பாதி இலை, கீழ்ப்பாதி சாம்பல். ஜேபெக் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருப்பதால் எங்கே அறுந்ததோ அதுவரை தெரியும், மீதியைத் திறக்கும் நிரல் ஒரே நிறத்தால் நிரப்பிவிடும்.

ஜாவாவில் ஸ்ட்ரீமில் துண்டைப் போடும் ‘ஆன்நெக்ஸ்ட்’ நிற்காது, காத்திருக்காது. நெட்வொர்க் மெதுவாக இருந்தால் துண்டுகளைப் போனின் நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போகும். ஒரு படத்தில் தெரியாது. முப்பது படம் வரிசையில் நின்றால் செயலி மூடிக்கொள்ளும். ‘இஸ்ரெடி’ ஆம் என்று சொல்லும்போது மட்டும் அடுத்த துண்டைப் போடவேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஜிஆர்பிசிக்கு அடியில் ஓடும் எச்டிடிபி/2 இயல்பாக 65,535 பைட் வரை மட்டுமே ஒப்புதல் வராமல் வழியில் இருக்க அனுமதிக்கும். போய்த் திரும்ப 200 மில்லிவிநாடி ஆகும் இணைப்பில், விநாடிக்கு 3,27,675 பைட்டுக்கு மேல் போகமுடியாது, உங்கள் இணைப்பு எவ்வளவு வேகமானாலும். பல நூலகங்கள் இந்தச் சாளரத்தைத் தாமே பெருக்கிக்கொள்ளும். இரு முனையிலும் நல்ல வேகம் காட்டி, படம் மட்டும் ஒரே வேகத்தில் ஊர்ந்தால் இதைப் பாருங்கள்.

பிரவுசரிலிருந்து அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜிஆர்பிசி-வெப்பில் கிளையண்ட் ஸ்ட்ரீமிங் கிடையாது. சாதாரண எச்டிடிபி பதிவேற்றம்தான் வழி.

மலைப்பாதையில் அறுந்தால்

பதிவேற்றும் வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் 4 எம்பி படத்துக்கு 34 விநாடி. 256 கேபிபிஎஸ் என்றால் 131 விநாடி. எல்லா அழைப்புக்கும் பொதுவாக 10 விநாடி டெட்லைன், அதாவது காத்திருக்கும் கெடு, வைத்திருக்கும் நிரலில் இந்தப் படம் ஒருநாளும் போகாது. ஒவ்வொரு தடவையும் பாதி போய், அறுந்து, முதலிலிருந்து தொடங்கும். டேட்டாவும் பேட்டரியும் வீணாகும், மேஸ்திரிக்கு இந்தச் செயலியின் மேலேயே நம்பிக்கை போய்விடும். மறுபக்கம், டெட்லைனே வைக்காவிட்டால் ஜிஆர்பிசி முடிவில்லாமல் காத்திருக்கும். ஜீப் வளைவில் திரும்பி வேறு டவருக்கு மாறியதும் பழைய இணைப்பு உயிரில்லாமல் கிடக்கும், இரண்டு பக்கத்துக்கும் அது தெரியாது. சீட்டு அழைப்புக்கு 10 விநாடி போதும். சரக்குக்கு அளவைப் பார்த்து டெட்லைன் கணக்கிடுங்கள். நீங்கள் தாங்கத் தயாரான மிகக் குறைந்த வேகத்தால் பைட்டை வகுத்தால் கிடைத்துவிடும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் பிங் வைக்கலாம், ஆனால் பல ஜிஆர்பிசி சர்வர்கள் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் அதிகம் என்று இணைப்பையே வெட்டிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவேண்டிய அமைப்பு அது.

அறுந்த இடத்திலிருந்து தொடர்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அதற்கு இன்னொரு சின்ன அழைப்பு போதும்: ‘இந்த அடையாள எண்ணில் உன்னிடம் எத்தனை பைட் இருக்கிறது?’ சர்வர் 19,66,080 என்று சொன்னால், அது 64 கேபி அளவில் சரியாக 30 துண்டு. கிளையண்ட் 31ஆவது துண்டிலிருந்து தொடங்கும். கணக்கு சர்வருடையதாக இருக்கவேண்டும். கிளையண்ட் ‘நான் அனுப்பிவிட்டேன்’ என்று நினைப்பதில் பாதி வழியிலேயே போயிருக்கும்.

அடையாள எண்ணைக் கொடுக்கவேண்டியது கிளையண்ட், அதுவும் முதல் முயற்சிக்கு முன்பே. இதைச் சர்வரிடம் விட்டால்தான் ஒரே இலை இரண்டு தடவை பதிவாகிறது. நடப்பது இப்படி: 64 துண்டும் போய்விட்டன, சர்வர் பதிந்தும்விட்டது, ‘முடிந்தது’ என்ற விடை மட்டும் மலையேறும் வழியில் தொலைந்தது. கிளையண்ட் தோற்றதாக நினைத்து மறுபடி அனுப்புகிறது. சர்வர் புதிய எண் கொடுத்துப் புதிய பதிவு போடுகிறது. எண் கிளையண்ட் கொடுத்ததாக இருந்து, தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசைக்கு ‘ஒன்றுக்கு மேல் கூடாது’ என்ற கட்டுப்பாடும் இருந்தால், இரண்டாம் தடவை சர்வர் பழைய விடையையே திருப்பிக் கொடுக்கும். மறுமுயற்சியிலும் பிழை எண்ணைப் பார்த்துச் செய்யுங்கள். 14, ‘அன்அவைலபிள்’, மறுபடி முயலத் தக்கது. 8 வந்தால் எத்தனை தடவை முயன்றாலும் அதே சுவர்தான்.

என் கருத்தில், பெரும்பாலான குழுக்களுக்கு இதைவிட எளிய அமைப்பு ஒன்று போதும். தொலை அழைப்பில் சீட்டை மட்டும் அனுப்புங்கள். சர்வர் குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லும் கையெழுத்திட்ட பதிவேற்ற முகவரி ஒன்றைத் திருப்பித் தரட்டும். சரக்கு நேராக எச்டிடிபி வழியாகச் சேமிப்பகத்துக்குப் போகட்டும். பிறகு ‘போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்’ என்று இன்னொரு சின்ன அழைப்பு. உங்கள் சர்வர் நினைவகத்தில் ஒரு படமும் தங்காது. பல சேமிப்பகங்கள் தொடர்ந்து அனுப்பும் வசதியும் தருகின்றன. அவற்றின் துண்டு அளவை மட்டும் பாருங்கள்: அமேசான் எஸ்3இல் கடைசித் துண்டு தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி இருக்கவேண்டும். நம் படம் அதற்குள்ளேயே முடிந்துவிடுவதால் அந்த வசதி இங்கே உதவாது. கூகுளுடைய தொடர் பதிவேற்றம் 256 கேபி மடங்கில் நடக்கிறது. மலைக்கு அது பொருந்தும்.

அனுப்பும் முன் போனிலேயே செய்யவேண்டியது

இலைத்துருவைப் பார்க்க 4000 புள்ளி தேவையில்லை. நீண்ட பக்கம் 1600 புள்ளி, ஜேபெக் தரம் 80 என்று குறுக்கினால் பெரும்பாலான படம் 300 முதல் 600 கேபிக்குள் வரும். 400 கேபி என்றால் அதே 256 கேபிபிஎஸ் இணைப்பில் 13 விநாடி. 131 எங்கே, 13 எங்கே! மேலே சொன்ன எல்லா நுட்பத்தையும்விட அதிகப் பயன் தருவது இந்த ஒரு படிதான்.

குறுக்கும்போது இரண்டு விஷயம் தொலைந்துபோகும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் சென்சார் படுக்கைவாக்கில்தான் பதியும். ‘90 பாகை திருப்பிக் காட்டு’ என்பதைக் கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் குறிப்பில் 6 என்று எழுதி வைக்கும். ஆண்ட்ராய்டின் பிட்மேப் திறப்பான் அந்தக் குறிப்பைப் பார்க்காது. மறுபடி சுருக்கிய கோப்பில் குறிப்பும் இருக்காது. சர்வரில் எல்லாப் படமும் படுத்துக் கிடக்கும். குறிப்பைப் படித்து, புள்ளிகளை உண்மையாகவே திருப்பி, பிறகு சுருக்குங்கள். இடக்குறிப்பும் எக்ஸிஃபில்தான் இருக்கிறது; வேண்டுமென்றால் முதலிலேயே எடுத்துச் சீட்டில் எழுதுங்கள், வேண்டாமென்றால் தொலைவது நல்லதே.

மற்றது நிறம். இலைக்கு இது சிறு வேறுபாடு. இளம்பிள்ளையிலிருந்து புடவைப் படம் அனுப்பும் வியாபாரிக்கு இதுதான் எல்லாம். ராமர் பச்சை என்று நினைத்து வாங்கியவர் கைக்கு வேறு பச்சை போனால் புடவை திரும்பி வரும். புதிய போன்கள் பல அகன்ற நிறவெளியில் பதிந்து, அந்த நிறவெளியின் விவரத்தைக் கோப்பில் இணைத்து வைக்கின்றன. விவரத்தை மட்டும் வெட்டிவிட்டு எண்களை அப்படியே விட்டால் நிறம் மங்கும். வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிய பிறகே விவரத்தை எடுக்கவேண்டும். ஜேபெக்கும் வழக்கமாக நிறத்தை இரு திசையிலும் பாதி நுணுக்கத்தில்தான் வைக்கும், 4:2:0 என்பார்கள். சிவப்பு உடலில் ஓடும் மெல்லிய ஜரிகைக் கோடு அதில் கசிந்து பட்டையாகத் தெரியும். புடவைக்கு 4:4:4 வையுங்கள், கோப்பு கொஞ்சம் பெருத்தாலும் பரவாயில்லை. பைத்தானின் பில்லோ நூலகத்தில் ‘சப்சாம்ப்ளிங்’ 0 என்று கொடுக்கவேண்டும். தரம் சொல்லாவிட்டால் அது 75 என்று எடுத்துக்கொள்ளும்.

சர்வர் கையெழுத்துப் போடும் முன்

வந்ததை நம்பவேண்டாம். சீட்டில் ஜேபெக் என்று எழுதியிருந்தாலும் முதல் பைட்டுகளைப் பாருங்கள். ஐபோன் படங்கள் 2017 முதல் இயல்பாக எச்இஐசி வடிவம். பெயரில் மட்டும் ஜேபெக் என்று வருவதுண்டு, சர்வரில் திறக்காது. திறக்கும் முன் அகல உயரத்தைத் தலைப்பிலேயே படியுங்கள். பிஎன்ஜியில் 16 முதல் 19 வரையுள்ள பைட்டில் அகலம், 20 முதல் 23 வரை உயரம், எண்ணிக்கை 0இலிருந்து. ஒரே நிறமான 30,000க்கு 30,000 படம் கோப்பாகச் சிறியது; திறந்தால் 360 கோடி பைட். சர்வரை விழச்செய்ய அது ஒன்று போதும். பில்லோ 8,94,78,485 புள்ளிக்கு மேல் எச்சரிக்கும், அதன் இரு மடங்கில் மறுத்துவிடும். உங்கள் வேலைக்கு 2 கோடி புள்ளி எல்லை போதும் என்றால் அதையே வையுங்கள்.

பதிவதிலும் வரிசை முக்கியம். துண்டுகளைத் தற்காலிகக் கோப்பில் எழுதுங்கள். மொத்த பைட்டைச் சீட்டோடு ஒப்பிடுங்கள், ஹேஷைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அதே வட்டுப் பகுதியில் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். பிறகு தரவுத்தளப் பதிவு. அதற்கும் பிறகே ‘முடிந்தது’ என்ற விடை. அந்த விடை கைக்கு வரும்வரை போன் தன் படத்தை அழிக்கக்கூடாது.

இவ்வளவும் எழுதி முடித்த பின் அலுவலகத்திலேயே சோதிக்கலாம். படம் போய்க்கொண்டிருக்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். சர்வர் பதிவில் அடுத்த துண்டு 0இலிருந்து தொடங்குகிறதா, விட்ட இடத்திலிருந்தா என்று பாருங்கள். லினக்ஸின் நெட்எம் கருவியால் 200 மில்லிவிநாடி தாமதமும் நூற்றுக்கு 5 இழப்பும் வைத்து முப்பது படத்தை வரிசையில் விடுங்கள். பிறகு ஒரு தடவை, கடைசித் துண்டு பதிவானதும் விடை போகும் முன் சர்வரைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்குங்கள். போன் தானாகத் திரும்பக் கேட்கவேண்டும். தரவுத்தளத்தில் அந்த இலைக்கு ஒரே ஒரு வரி இருக்கவேண்டும்.